வலது கால் நடந்த ஊர்

எங்கள் ஊரின் கால் நடக்கத் தொடங்கியது ஓர் ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில். அன்று குழாயில் தண்ணீர் வரும் முறை என்பதால் பாதி ஊர் குடத்தோடு விழித்திருந்தது. ஆனாலும் யாரும் அதைப் பார்க்கவில்லை. காலை முறைக்குக் குன்றேறிய குருக்கள் பூட்டைத் திறந்து விளக்கை உயர்த்தியபோது பாறை மழுமழுவென்று இருந்தது. எத்தனையோ தலைமுறையாக அங்கே இரண்டு விரல் ஆழத்துக்குப் பதிந்து கிடந்த, ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்த வலது காலடி அங்கே இல்லை. பதினெட்டு மீட்டர் வடக்கே, போலீஸ் காவல் கூடத்தின் சிமெண்டுப் படியில் அது இருந்தது. காவலுக்கு இருந்த ஏட்டு அதன் மேலேயே மிதித்து இறங்கி டீ குடிக்கப் போயிருந்தார்.

ஊரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் கால் ஈசனுடையது என்பவர்களுக்கு இது திருத்தாளூர். இறைநேசரான ஓர் அவுலியா நின்று தொழுத இடம் என்பவர்களுக்குக் கதம்பட்டணம். அப்போஸ்தலர் ஒருவர் இந்தக் கரையில் கடைசியாக ஊன்றிய கால் என்பவர்களுக்குப் பாதபுரம். வெள்ளைக்கார ஜட்ஜ் ஒருவன் காலையைக் கோயிலுக்கும் பகலைத் தர்காவுக்கும் மாலையைச் சர்ச்சுக்கும் பிரித்துக் கொடுத்து, காலை எப்போது பகலாகிறது என்பதை ஒரு கம்பத்தின் நிழலை வைத்து அளக்கச் சொல்லிவிட்டுச் சீமைக்குக் கப்பலேறினான். அதனால் மேகம் போட்ட நாளெல்லாம் ஊரில் மண்டை உடைந்தது. பிறகு மணிக்கூண்டு கட்டினார்கள், அது யாருடைய கடிகாரம் என்று சண்டை வந்தது, மூன்று மணிக்கூண்டு கட்டினார்கள், மூன்றும் மூன்று நேரம் காட்டின. பிறகு ஊரடங்கு வருடம் வந்தது, முப்பத்தொரு பேர் செத்தார்கள், பாறையைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. ரயில் நிலையப் பலகையில் எந்தப் பெயரை முதலில் எழுதுவது என்ற வழக்கு நடந்துகொண்டிருந்தபோது மூன்று பெயரையும் தார் பூசி அழித்தவர்களில் நானும் ஒருவன். ஊர் குடியிருப்பவனுக்குச் சொந்தம் என்பது எங்கள் கட்சி. மூன்று மாதம் உள்ளே வைத்தார்கள். வெளியே வந்தபோது பலகை வெறுமையாகவே இருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது, அந்த வெறுமையைப் பார்த்துத்தான் மக்கள் இறங்குகிறார்கள். நாங்கள் சாதித்தது அது ஒன்று. இன்று கேட்டால் எவனுக்கும் தெரியாது.

அடுத்த செவ்வாயும் கால் பதினெட்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் வடக்கே போனது, அதற்கடுத்த செவ்வாயும் அதே அளவு. குன்றை விட்டு இறங்கிக் கடைத்தெருவுக்குள் வந்தது, இரும்புக்கடைக்குள் நின்றது, வக்கீல் வீட்டுச் சமையலறையில் நின்றது, தையற்கடை வாசலில் நின்றது. வரும்போது தரை பிசைந்த மாவு போலக் குழைந்து கொடுக்கும், ஒரு மணி நேரம் வெதுவெதுப்பாக இருக்கும், பிறகு இறுகிவிடும். அடுத்த செவ்வாய் கால் எடுத்ததும் பழைய இடம் எதுவும் நடக்காதது போலச் சமமாகிவிடும். மூன்று மதத்தாரும் உடனே கோர்ட்டுக்குப் போனார்கள். கால் வந்த இடத்தைச் சுற்றிப் பத்து மீட்டரைத் தகரம் அடித்து மூட வேண்டும், உள்ளே இருப்பவர்களை நகராட்சிப் பள்ளிக்கு மாற்ற வேண்டும், மறு உத்தரவு வரும்வரை உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கால் போன பிறகு தகரத்தை எடுக்கலாமா என்று உத்தரவில் சொல்லவில்லை. அதனால் எடுக்கவில்லை.

சர்வேயர் இஞ்ஞாசிமுத்து ஊரின் குறுக்கே செங்காவியால் ஒரு கோடு போட்டார். கோடு போட்ட பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. கோட்டு வீடு, தள்ளி வீடு என்று வீடுகள் இரண்டு சாதியாயின. பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று கேட்டார்கள். முறை வந்த வீட்டுக்காரர்கள் திங்கட்கிழமை சாயங்காலமே டிரங்குப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுக் கதவுகளைக் கழற்றி உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருவர் தரையில் இரும்புத் தகடு விரித்தார். கால் இரும்பிலும் பதிந்தது. அரிசி மில் முதலாளி மட்டும் தன் மில்லுக்குள் வராதா என்று மூன்று இடத்திலும் வேண்டிக்கொண்டார், அவருடைய மில் தள்ளி இருந்தது.

ஒற்றைக் காலால் எப்படி நடக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை, பாறையில் இருந்தது எப்போதும் ஒரே காலடி என்பதால் மூன்று பேரும் அதற்கு எப்போதோ காரணம் சொல்லி முடித்திருந்தார்கள். ஆடுகிறவன் வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கித்தானே நிற்கிறான் என்றார் குருக்கள். அவுலியாவின் மற்றொரு கால் மறைவான உலகத்தில் இருக்கிறது என்றார்கள் தர்காவில். அப்போஸ்தலரின் மற்றொரு கால் கப்பலில் இருக்கிறது என்றார் பங்குத் தந்தை. எதிலும் ஒத்துப்போகாத மூன்று கூட்டம், நூறு வருடமாக ஒரு வலது காலுக்காக அடித்துக்கொண்டு, இடது கால் என்று ஒன்று பூமியில் கிடையாது என்பதில் மட்டும் ஒன்றாக இருந்தது. சாமியை நம்பாத நானும் அதை அப்படியே நம்பினேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கோடு சந்தைப்பேட்டை மூன்றாம் தெருவில் என் வீட்டின் நடு அறை வழியாகப் போனது. என் மனைவி எஸ்தர் அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து கட்டிய வீடு. நான் சிறையிலும் மேடையிலும் இருந்த காலத்தில் எழும்பிய சுவர்கள். அவள் கண்ணை மூடியதும் அந்த நடு அறையில்தான். சித்திரை இரண்டாம் செவ்வாய் என் முறை என்று சர்வேயர் கணக்குச் சொன்னார். பங்குனி பிறந்ததிலிருந்து எனக்குத் தரையில் கால் வைக்கும்போதெல்லாம் உள்ளங்கால் கூசியது.

அந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் துப்புரவுப் பணியாளர் காலனிக்கு, பட்டா மனுவில் கையெழுத்து வாங்கப் போனேன். நாற்பது வீடு, ஒரே வரிசை, ஒரு முனையில் நகராட்சிக் குப்பைக் கிடங்கு, மறு முனையில் ரயில் பாதை. முப்பது வருடமாக அவர்களுக்குப் பட்டா கேட்டு நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். சங்கத்தின் கிளைச் செயலாளர் துளசிமணி. விடியுமுன் எங்கள் தெருவைக் கூட்டுகிறவளும் அவள்தான். கையெழுத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கியபோது ஒரு வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க ஒரு சிமெண்டுக் கட்டியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆறு வீடு தள்ளி இன்னொரு வீட்டில் அதே மாதிரிக் கட்டி அரிசி டிரம்மின் மூடி மேல் கனத்துக்கு இருந்தது. கையிலெடுத்தேன். ஐந்து விரல், குதிகால், நடுவில் வளைவு. அது வார்த்தெடுத்தது போன்ற ஒரு கால். கட்டை விரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தேன். இடது கால்.

அந்த வீடுகளை அது கடந்து போய் இப்போது ஒரு வருடமாகிவிட்டது, கட்டிகளை உடைத்துச் சாக்கடை வேலைக்குக் கலவையில் சேர்த்துவிட்டார்கள், இனி நான் சொல்வதை வைத்து எவனும் வழக்குப் போட முடியாது. அதனால் சொல்கிறேன். செவ்வாய் விடியலில் வலது கால் கிழக்கே ஊன்றியது என்றால், வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணிக்கு இடது கால் மேற்கே ஊன்றியது. ஊரின் முழு அகலத்துக்கும் காலை அகட்டி நடந்துகொண்டிருந்தது அது, யாராக இருந்தாலும். முதல் பதினேழு வெள்ளிக்கிழமை குப்பைக் கிடங்கில் பதிந்தது; அங்கே போகிறவர்கள் இவர்கள் மட்டும்தான். பிறகு வீடுகளுக்குள் வரத் தொடங்கியது, ஆறு வீட்டுக்கு ஒரு வீடு. வந்ததும் சிமெண்டு குழைத்து நிரப்பிச் சாணி மெழுகிவிடுவார்கள். அடுத்த வெள்ளி கால் எடுத்ததும் தரை சமமாகி, நிரப்பியது கட்டியாக மேலே வந்து கிடக்கும்.

துளசிமணி என்னிடமிருந்து கட்டியை வாங்கி டிரம் மேல் வைத்தாள். யாரும் மறைக்க முயலவில்லை; எனக்குத் தெரிந்துவிட்டதே என்று கவலைதான் பட்டார்கள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க எழுதுவீங்க, தோழர்."

கோட்டு வீட்டுக்காரர்களுக்குப் பள்ளிக்கூட வராந்தாவாவது கிடைக்கிறது, கையில் பத்திரம் இருக்கிறது என்றாள். எங்களுக்கு என்ன இருக்கிறது என்றாள். தகரம் அடித்தால் நாற்பது வீடும் போகும், ஆக்கிரமிப்பு என்று ஒரு தாளில் எழுதி லாரியில் ஏற்றுவார்கள், பிறகு தகரம் துருப்பிடித்து விழுந்தாலும் திரும்ப வர முடியாது. இன்னும் இரண்டு வெள்ளிதான், ஒன்று அந்த முப்பத்துநான்காம் வீடு, கடைசியாக என் வீடு, அதற்கப்புறம் ரயில்வே நிலம், வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்தேன். பதில் சொல்லாததால் வாக்குக் கொடுக்கவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நாற்பது வருடத்தில் முதல்முறையாக, ஊரில் எவனுக்கும் தெரியாத உண்மை ஒன்று என் கையில் இருந்தது. இரண்டு கால் என்று தெரிந்தால் கோர்ட்டின் ஒற்றைக் கோடு செல்லாது, ஊர் முழுவதையும் தகரம் அடிக்க எந்த அரசாலும் முடியாது, உத்தரவு தன் கனத்தாலேயே விழும். தவிர, மூன்று சாமியும் சேர்ந்து மலம் அள்ளுகிறவர்கள் வீட்டில்தான் மறுகாலை ஊன்றியிருக்கிறது என்றால் பட்டா கொடுக்காமல் எப்படித் தப்பிப்பார்கள்? இதெல்லாம் அவர்களுக்காகத்தான் என்று நினைத்தேன். என் வீடும் மிஞ்சும் என்பதை அப்போது நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். புதன்கிழமை முழுவதும் அச்சகத்தில் நின்று ஆயிரம் துண்டுப் பிரசுரம் அடித்தேன். தலைப்பு: இடது கால் எங்கே? வியாழக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு, வழக்கம்போலத் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடைத்தெரு, மூன்று மணிக்கூண்டு, பஸ் நிலையம் எல்லா இடத்திலும் நானே வீசிவிட்டு வீட்டுக்கு வந்து குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

யாரும் வரவில்லை. எட்டு மணிக்குச் சிக்கந்தர் பாய் டீக்கடைக்குப் போனேன். பேச்செல்லாம் அடுத்த கோட்டு வீட்டைப் பற்றியே இருந்தது, அதாவது என் வீட்டைப் பற்றி. என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்கள். பத்து மணிக்குக் கடைத்தெருவில் நடந்தேன். தரை சுத்தமாக இருந்தது. பஸ் நிலையத்தில் ஒரு தாள்கூட இல்லை. உளவுப்பிரிவுக்காரன் எடுத்திருப்பான் என்று முதலில் பெருமையாகக்கூட இருந்தது, பிறகு பயமாக இருந்தது, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் காலனிக்கு ஓடினேன்.

முப்பத்துநான்காம் வீட்டில் துளசிமணி குந்தியிருந்தாள். பக்கத்தில் ஓர் அலுமினியத் தொட்டியில் முறத்துக்குப் பூசுவதற்கு ஊறவைப்பது போலக் காகிதம் வெந்தயத்தோடு ஊறிக் குழைந்து கிடந்தது. கூழில் என் தலைப்பின் எழுத்துகள் அங்கங்கே தெரிந்தன. அவள் அதை அள்ளிச் சிமெண்டோடு பிசைந்து, தரையில் புதிதாக வந்திருந்த இடது காலடிக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு மணிக்கு நாங்க இறங்குவோம்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள், நிமிராமல். "இருவது வருசமா நீங்க போடுற நோட்டீசை நாங்கதான் கூட்டுறோம். நல்லா இருக்கறதை விட்டுட்டுக் கூட்டுவோம்."

எதையெல்லாம் விட்டீர்கள் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பஸ் கட்டணம் பத்திப் போட்டதை விட்டோம். பட்டா நோட்டீசை விட்டோம். உங்களைப் பத்தியே நீங்க எழுதினதெல்லாம் வண்டியில போயிருச்சு, தோழர்."

வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கோபமாகச் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் அந்த மண் தரையில் உட்கார்ந்து, எந்தப் பிரசுரம் எந்த ஆண்டு ஊரை உலுக்கியது என்று இத்தனை நாள் சொல்லி வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். உலுக்கியதெல்லாம் இவர்கள் விட்டு வைத்தவை. தொட்டியில் மீதிக் கூழ் இருந்தது. விளிம்பைப் பூச நானும் கை கொடுத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. டீக்கடையில் சர்வேயர் இஞ்ஞாசிமுத்து என்னைத் தனியாகப் பின் பெஞ்சுக்கு அழைத்தார். நல்ல மனிதர், அளவைத் தவிர எதையும் நம்பாதவர். நோட்டைப் பிரித்துக் காட்டினார். எல்லாக் காலடியிலும் கட்டை விரல் பக்கம் நாலு மில்லிமீட்டர் ஆழம் கூடுதலாக இருந்தது.

"ஒத்தக் காலில நிக்கிறவன் இப்படி உள்பக்கம் சாய மாட்டான் அண்ணே, விழுந்துருவான்," என்றார் தாழ்ந்த குரலில். "மேற்கே எங்கேயோ இன்னொரு கால் ஊணியிருக்கு."

உங்கள் வீட்டில் வருவதை நிதானமாக அளக்கப் போகிறேன், அதிலும் நாலு மில்லிமீட்டர் இருந்தால் கோர்ட்டுக்கு எழுதிவிட்டு வெள்ளிக்கிழமை டேப்பை மேற்கே இழுக்க வேண்டியதுதான் என்றார். உங்களுக்கு நல்லதுதானே அண்ணே, கோடே தப்பு என்றாகிவிடும், வீடு தப்பினாலும் தப்பும் என்றும் சொன்னார். மூன்று நாளைக்கு முன் நானே அச்சடித்த வாதம். டீ ஆறிப்போயிற்று. மேற்கே என்ன இருக்கிறது, குப்பை மேடுதானே என்று மட்டும் சொல்லி எழுந்தேன். அவர் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

துளசிமணியிடம் போய்ச் சொன்னேன். கொத்தனார் கரண்டி ஒன்று இருக்கிறது, சின்னது, கொண்டு வருகிறேன் என்றாள்.

செவ்வாய்க்கிழமை நாலு மணியிலிருந்து நடு அறையில் உட்கார்ந்திருந்தேன். பெட்டிகளை வாசலில் வைத்தாகிவிட்டது. எஸ்தரின் கட்டிலை மட்டும் சுவரோரம் விட்டிருந்தேன். ஐந்துக்குச் சற்று முன் தெருவில் துடைப்பச் சத்தம் கேட்டது. சிவப்புச் சிமெண்டுத் தரை நடுவில் லேசாக வியர்த்து, யாரோ களைத்துப்போய் ஊன்றுவது போல முதலில் குதிகாலும், பிறகு பாதத்தின் ஓரமும், கடைசியில் விரல்கள் ஒவ்வொன்றாகவும் அமுங்கின. அவ்வளவுதான். கதவைத் தட்டினேன், உள்ளிருந்து. துடைப்பச் சத்தம் நின்றது, துளசிமணி உள்ளே வந்தாள். முப்பது வருடத் தோழமையில் அவள் என் வாசற்படியைத் தாண்டியது அன்றுதான் என்பது அவள் சுவர்களைச் சுற்றிப் பார்த்த விதத்தில் எனக்கு உறைத்தது. நான் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.

டார்ச்சை அவள் பிடித்தாள். கரண்டியை என்னிடம் கொடுத்தாள். என் வீடு, என் கை என்று நான்தான் கேட்டேன். ஆழம் சமமாக வேண்டுமானால் சுண்டு விரல் பக்கத்து ஓரத்தை நாலு மில்லிமீட்டர் வழிக்க வேண்டும், கட்டை விரல் பக்கத்தைத் தொடக்கூடாது. தரை இட்லி மாவு போலக் கரண்டியோடு வந்தது. வெதுவெதுப்பாக, காய்ச்சல்காரனின் கால் போல இருந்தது. நிறுத்தி இழுத்தால் கோடு விழும், மூச்சை விடாமல் இழுங்கள், தோசைக்கு ஓரம் எடுக்கிற மாதிரி என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பள்ளி மணி அடிக்கும் வரை நேரம் இருப்பது போல் பேசினாள். அரை மணியில் முடிந்தது. வழித்ததை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனாள். துடைப்பச் சத்தம் தெருமுனை வரை போய்த் திரும்பியது.

ஆறு மணிக்குத் தாசில்தார், போலீஸ், மூன்று மதத்தார், சர்வேயர் எல்லோரும் வந்தார்கள். அவரவர் முறைக்கு அவரவர் கும்பிட்டார்கள், ஜெபித்தார்கள், ஓதினார்கள். இஞ்ஞாசிமுத்து குப்புறப் படுத்து அளந்தார். மறுபடி அளந்தார். எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் அளந்தார்.

"இது சமமா இருக்கு," என்றார் என்னைப் பார்த்து. "இதை யாராவது தொட்டீங்களா அண்ணே?"

எல்லார் கண்ணும் என் மேல் இருந்தது. என் விரல் இடுக்கில் செங்காவிச் சிமெண்டு இருக்கிறதா என்று பார்க்க ஆசை வந்தது, பார்க்கவில்லை.

"நான் சாமி காலைத் தொட மாட்டேன்னு ஊருக்கே தெரியும்," என்றேன். "நாப்பது வருசமா அதைத்தானே அச்சடிச்சிட்டிருக்கேன்."

குருக்கள் முகத்தைச் சுளித்தார், பங்குத் தந்தை தலையாட்டினார், தர்காக்காரர் ஒருவர் ஆமாம் என்று சொன்னதுகூடக் கேட்டது. என்னைப் பற்றி அந்த மூன்று பேரும் ஒன்றாகச் சாட்சி சொன்ன ஒரே தருணம் அது. இஞ்ஞாசிமுத்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நோட்டில் சமம் என்று எழுதி, பழைய அளவுகள் கருவியின் பிழையாக இருக்கலாம் என்று பக்கத்தில் குறித்து, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பத்து மணிக்குத் தகரம் வந்தது. எஸ்தரின் கட்டில் உள்ளே நின்றுவிட்டது, உள்ளது உள்ளபடி.

வெள்ளிக்கிழமை நான் நகராட்சிப் பள்ளியில் இருந்தேன்; ஆறாம் வகுப்பு வராந்தா எனக்குக் கொடுத்த இடம். கால் வந்த வீட்டுக்காரன் என்பதால் என்னைப் பார்க்கவே சிலர் பழத்தோடு வந்து நின்றார்கள், வாசலில் ஒரு போலீஸ்காரர் இருந்தார், என்னால் எழுந்து எங்கேயும் போக முடியவில்லை. இரண்டரைக்குச் சாப்பாடு இலையில் வந்தது. துளசிமணி வீட்டில் அது ஊன்ற வேண்டிய மூன்று மணிக்கு மணிக்கூண்டு ஒன்று அடித்தது, நாலு நிமிடம் கழித்து இன்னொன்று, ஏழு நிமிடம் கழித்து மூன்றாவது. மேற்கே பார்க்கக் கூடாது என்று கிழக்கே பார்த்து உட்கார்ந்தேன். ஜீப் சத்தம் ஒன்று வந்தது, போனது. சோற்றைத் தொடவில்லை. சர்வே ஆபீசில் இஞ்ஞாசிமுத்து டேப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாரா, தோளில் மாட்டிக்கொண்டாரா என்று நூறு தடவை நினைத்துப் பார்த்தேன்.

நாலரை மணிக்கு நகராட்சிக் குப்பை வண்டி பள்ளி வாசலில் வந்து நின்றது. துளசிமணி இறங்கினாள், போலீஸ்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பள்ளிக் குப்பைத் தொட்டியைச் சாய்த்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் வேலை கிடையாது. கையில் மணிக்கட்டு வரை சிமெண்டு வெள்ளை வெளேரென்று காய்ந்திருந்தது. என்னை நேராகப் பார்க்காமல், தொட்டியைப் பார்த்துச் சொன்னாள்:

"சாப்பிட்டுட்டு இலையைத் தொட்டியில போடுங்க, தோழர். வெளியில போட்டீங்கன்னா நான்தான் குனியணும்."

ஆறிப்போன சோற்றை அள்ளிச் சாப்பிடத் தொடங்கினேன்.